வெள்ளைக் காளான் கேஸ்

"சந்தேகமே இல்லைங்க, மஸ்கரின் விஷம்தான்!" கல்லூரியில் விஷவியல் கற்பிக்கும் பேராசிரியையின் குரல் துள்ளியது. "இருபது வருஷமாப் பாடம் எடுக்கறேன். இன்னிக்குத்தான் ஒரு கேஸ் கிடைச்சிருக்கு!"

அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டரான அவர் கணவரோ ஊசியைக் கையில் பிடித்தபடியே தயங்கினார்.

"மஸ்சிமால் விஷமா இருந்துட்டா? மாத்து மருந்துன்னு அட்ரோபின் போட்டா இன்னும் மோசமாயிடுமே!"

"அது சிவப்புக் காளானோட விஷம். அதைத் தின்னவங்க உளறுவாங்க, சொக்கி விழுவாங்க. மஸ்கரினை முதல்ல கண்டுபிடிச்சதும் அந்தச் சிவப்புக் காளான்லதான், பேரும் அதுலேருந்துதான் வந்துச்சு. ஆனா அதுல மஸ்கரின் துளியூண்டுதான் இருக்கு. சமைச்சது போக மிச்சமிருந்த காளானைத்தான் பார்த்தோமே, புல்தரையில முளைக்கிற வெள்ளைக் காளான். இதுல மஸ்கரின் கொட்டிக் கிடக்கு! வேர்வை எப்படி இருக்கு?"

"உடம்பெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு."

"எச்சில்?"

"நிக்காம வழியுது."

"கண்மணி?"

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கு."

"அப்படியே புத்தகத்துல இருக்கிற மாதிரி! யோசிக்காம அட்ரோபினைப் போடுங்க!"

டாக்டர் ஊசியோடு கட்டிலருகே குனிந்தார்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" கட்டிலில் படுத்திருந்த பேராசிரியை வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "மருந்து ஏறினா கண்மணி விரிஞ்சிடும். அதுக்குள்ள என் கண்ணை ஒரு போட்டோ எடுத்துடுங்க, நாளைக்கு வகுப்புல காட்டணும்!"