குழந்தைவேலின் விரதம்

அறுந்த செருப்பை மஞ்சப்பைக்குள் திணித்துக்கொண்டு, கிருமாம்பாக்கம் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தது குழந்தைவேலின் தப்புதான். முருகன் பேரை வைத்துக்கொண்டே, முருகனே இல்லை என்று நாற்பது வருஷமாக மேடை போட்டுப் பேசியவர் அவர்.

பாதயாத்திரைக்காரர்களுக்கு அன்னதானம் நடந்த பந்தலிலிருந்து ஓர் அம்மாள் ஓடி வந்து, அவர் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள்.

"பந்தலுக்கு வாங்க சாமி."

"நான் சாமி கும்புடறவன் இல்லம்மா."

"பாத்தியாடி, நெஜமான பக்தருங்க எவ்ளோ அடக்கமா பேசறாங்க!" என்றாள் அவள், பக்கத்திலிருந்தவளிடம்.

"அதில்லம்மா, இன்னிக்கு நான் ஒண்ணும் சாப்புடக் கூடாது."

"வெரதமா? பிரசாதம் சாப்ட்டா வெரதம் கெடாது சாமி!"

தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் கைக்கு வந்தது. முந்திரி நெய்யில் மிதந்தது. வீட்டில் மனைவி இதைக் கண்ணில் காட்டி எட்டு மாதம் ஆகிறது. ஒரு வாய் வைத்தார். அன்பை மறுப்பது பகுத்தறிவாகாது என்று தனக்குள் ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, இரண்டாவது தொன்னைக்கும் கையை நீட்டினார்.

"எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோங்க சாமி."

வாய் நிறையப் பொங்கலோடு பொதுவாகத் தலையாட்டி வைத்தார்.

அரை மணி நேரம் கழித்து, ஆஸ்பத்திரியில் அவர் விரலில் ஊசி குத்திய நர்ஸ் ஹேமலதா, மிஷினைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னா பெரியவரே, முந்நூத்தி இருவது காட்டுது! சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்துலதான வரச் சொன்னேன்?"

குழந்தைவேல் மீசையில் ஒட்டியிருந்த நெய்யைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இன்னா பண்றது சிஸ்டர்? கடவுள்தான் இல்ல. பக்தருங்க இருக்காங்களே!"