மீசைக்கு ஏற்ற மணல்

வாடகைக்குப் பிடித்த தம் கடையின் வழுவழுப்பான சுவரில் சாய்ந்தபடி, வண்ணமீன் கடைக்காரர் மணல் வாங்க வந்த ஒரு தம்பதியரை வரவேற்றார். கணவரின் தோள்பையிலிருந்து சுவர் பூசும் கொத்துக்கரண்டி ஒன்று எட்டிப் பார்த்தது.

"போன தடவை தொட்டியில கட்டட மணலைப் போட்டுட்டோம். அடியில மேயற மீனுக்கு மீசை பாதி தேஞ்சுபோச்சு. இன்னொரு தடவை தப்பு பண்ணினா அது பிழைக்காதுங்க," என்றாள் மனைவி.

கடைக்காரர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மேஸ்திரி, மீனுக்கும் சுவர் எழுப்பப் பாத்தீங்களா?"

கணவர் புன்னகையோடு, அங்கிருந்த மணல் மூட்டைகளை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

மனைவி முதல் மூட்டை மணலை உள்ளங்கையில் தேய்த்தாள். "முனை இருக்கு. சுவருக்கு வேணும், மீசைக்கு வேணாம்."

அடுத்ததன்மேல், கையோடு கொண்டுவந்திருந்த வினிகரைச் சொட்டவிட்டாள்; அது நுரைத்தது. "கிளிஞ்சல் கலந்திருக்கு. தண்ணியைக் கெடுத்துடும்."

மூன்றாவதைக் கன்னத்தில் தேய்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதனைப் புது வாளியில் இட்டு, கலங்கல் தெளியும்வரை எட்டு முறை அலசினாள்.

கடைக்காரர் வியந்துபோனார். "மேஸ்திரி, வீட்டம்மாவுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க!"

"நான் தையல்காரனுங்க. கரண்டியைச் சுமக்கறதோட சரி," என்றார் கணவர். "மேஸ்திரி அவங்கதான். நீங்க சாஞ்சிருக்கற சுவரைப் பூசினதும் அவங்கதான்."

கடைக்காரர் சட்டென்று சுவரிலிருந்து விலகி நிமிர்ந்து நின்றார்.

"கவலைப்படாதீங்க மேஸ்திரியம்மா. இந்த மணல்ல மீசை மறுபடியும் வளந்துடும்!"