அழாத பிள்ளை

ஆசாரி ஊசியை எடுத்ததும் அம்மா மகளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

குலதெய்வக் கோயில் மண்டபம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மூன்று வயது இதழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். அழுதால் வாயில் வைக்க, மாமன் வாழைப்பழத்தை உரித்துத் தயாராக வைத்திருந்தான்.

ஊசி இறங்கியது.

போன் அதிர்ந்தது. இடது காதில் சிறு காயம் என்று காட்டியது.

இதழினி சிரித்தாள்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி வாழ்க்கையை ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்தவள் அவள். பிறக்கப்போவதாவது வலி என்றால் என்னவென்றே தெரியாமல் வளரட்டும் என்று, வயிற்றில் இருக்கும்போதே மருத்துவமனையில் சொல்லி மரபணுவை மாற்றி வாங்கிய பிள்ளை. அடிபட்டால் பிள்ளைக்குத் தெரியாது. உடம்பில் பதித்த சில்லு வழியாக அம்மாவின் போனுக்குத் தெரியும். அது போதும் என்றார் டாக்டர்.

அடுத்தது அண்ணன் மகன், ஒரு வயது அகரன். சாதாரணமாகப் பிறந்தவன்.

ஊசி தொடும் முன்பே வீறிட்டான். குத்தியதும் முகம் சிவந்து, மூச்சடைத்து, மண்டபமே அதிர அழுதான்.

இதழினியின் சிரிப்பு நின்றது. அம்மாவின் இடுப்பில் இருந்தபடி, அவன் அழுது ஓயும்வரை கண்கொட்டாமல் பார்த்தாள். விரல்கள் அம்மாவின் தோளில் குத்தியிருந்த சேலை ஊக்கைத் திருகிக்கொண்டிருந்தன.

குழந்தை பயந்துவிட்டது என்றாள் அண்ணி.

பயந்த பிள்ளை அப்படி முன்னால் சாய்ந்து பார்க்காது.

பந்தி போட்டார்கள். அகரனைப் பின்னறையில் தூங்கவைத்திருந்தார்கள். இதழினி அவன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ரசம் வரும்போது உள்ளேயிருந்து வீறல் கேட்டது.

அண்ணி பதறி எழுந்தாள். இதழினியின் அம்மா பழக்கப்படி போனைப் பார்த்தாள்.

அதிரவில்லை.

தன் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மனசு லேசானது. அண்ணியின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இதழினி பக்கத்தில்தான் இருக்கிறாள், சமாதானப்படுத்திவிடுவாள், நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்றாள்.

சொன்னபடியே அழுகை தேய்ந்து நின்றது. அண்ணியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

இதழினியின் அம்மா இலைக்குக் குனிந்தாள். சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவி ரசத்தில் விழுந்தது.

தோளைத் தடவினாள். ஊக்கைக் காணவில்லை.

பின்னறையிலிருந்து மகளின் குரல் கெஞ்சலாகக் கேட்டது.

“இன்னொரு வாட்டி அழு.”