மூன்றும் சமம்

அடித்தளத்தில் மின்பலகையின் கதவு திறந்து கிடக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் தடித்த மூன்று ஃபேஸ் ஒயர்கள். பக்கத்தில், பாதித் தடிமனில், மின்சாரம் திரும்பிப் போகும் கறுப்பு நியூட்ரல் ஒயர். "மூணு ஃபேஸும் தொண்ணூறு தொண்ணூறு ஆம்ப்ஸா சமமா இருக்கு. ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். நியூட்ரல்ல ஈ காக்காகூட இருக்காது. மூடும்மா, சாப்பிடப் போலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன் மாமா. நியூட்ரலை அவர் அளந்ததே இல்லை. கூடவே வேலை பார்க்கும் மருமகளின் மூக்கை விட்டு, கதவைத் திறந்ததும் அடித்த கருகல் வாடை போகவில்லை. இடுக்கி மீட்டரின் வாயைத் திறந்து கறுப்பு ஒயரைக் கவ்வ வைக்கிறாள். நூற்று நாற்பது. மாமா மீட்டரைத் தட்டிப் பார்க்கிறார், எண் இறங்கவில்லை. மேலே மாடி மாடியாகக் கம்ப்யூட்டர்கள் மின்சாரத்தைச் சீராகக் குடிக்காமல் மடக்கு மடக்காக விழுங்குகின்றன. அலை உடைந்து, கழியாத மிச்சமெல்லாம் இந்த ஒற்றை ஒயரில் வந்து சேர்கிறது. அதன் உறை இளகிப் பளபளக்கிறது. "இதுக்கு ஃப்யூஸ் இருக்கா மாமா?" தெரிந்தேதான் கேட்கிறாள். "நியூட்ரலுக்கு யாரும்மா ஃப்யூஸ் போடுவா?" மெயின் ஸ்விட்சின் கைப்பிடி அந்த ஒயருக்குப் பின்னால் இருக்கிறது. மாமா கையை நீட்டுகிறார், ஒயரின் அனல் பட்டு மடக்கிக்கொள்கிறார். தலைக்கு மேல் லிஃப்ட் கதவு மூடுகிறது, சிரிப்புச் சத்தம், நாற்காலிகள் இழுபடும் ஓசை. சாப்பிட்டுத் திரும்பியவர்கள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரைப் போடுகிறார்கள். அவள் கையிலிருக்கும் மீட்டரில் எண் ஏறுகிறது.