முள்மயிர் மாப்பிள்ளை

“அக்கா, காட்டுப்பண்டிக்கு ஏன் மயிரெல்லாம் முள்ளு மாதிரி?”

தங்கை அன்னப்பூரணி கேட்டதும் கண்ணகைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நேற்று வயலில் பன்றி இறங்கியதிலிருந்து பிள்ளைகளுக்கு இதே பேச்சு. பக்கத்து வீட்டுச் சின்னதுகள் நாலைந்தும் விறாந்தைப் பாயில் இருந்தன.

எதிரே வாங்குப் பலகையில் இருந்தார் நல்லரத்தினம். ஒரு கிழமை மழிக்காத தாடி, காதோரம் கற்றை மயிர், பட்டணத்துக் கோட்டு, முழங்கால் வரை வவுணதீவு வயல் சேறு.

“வீடு பாக்க ஒராள் வருவார், இருக்கச் சொல்லுகா” என்றுவிட்டு அப்பா வயலுக்குப் போயிருந்தார். வீடு பார்ப்பது எதற்கென்று யாருக்குத் தெரியாது? இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியேறுவார். அதனால் பெண்ணைப் பார்க்குமுன் கூரையைப் பார்ப்பார்கள். இவரும் வந்த கையோடு கூரையை அண்ணாந்து பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இருபது புள்ளயளுக்கும் இந்த விறாந்தை தாராளமாக் காணும்.”

கண்ணகை விறாந்தையை ஒருமுறை கண்ணால் அளந்தாள். இருபதா! தன் படிப்பை எட்டாம் வகுப்போடு அப்பா மறித்து வைத்தது இதற்குத்தானா? அப்பா வந்து தலையாட்டுவதற்குள் இந்த ஆளை ஓட்டிவிட வேண்டும்.

“பண்டி முள்ளுப் பத்தைக்குள்ள பூந்து திரியிற சாமான். மெல்லிய மயிரெண்டா உடம்பைக் கிழிச்சுப்போடும். அதான் ஈர்க்கு மாதிரித் தடிச்ச மயிர்” என்றாள், அவரது தாடியைப் பார்த்தபடி.

“கோவம் வந்தா?” என்றான் ஒரு பெடியன்.

“முதுகு மயிர் நட்டுக்கொண்டு நிக்கும். அப்பத்தானே பெரிய ஆளெண்டு மத்ததுகள் பயப்பிடும். சிலர் வெயிலுக்குள்ளயும் கோட்டுப் போடுறாங்களே, அது மாதிரி.”

நல்லரத்தினம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எழும்பவில்லை.

“குட்டிக்கும் இப்படித்தானோ, புள்ள?” என்று அவரே கேட்டார்.

“இல்ல. குட்டிக்கு மெத்தெண்ட மயிர், கோடு கோடா. பத்தைக்குள்ள கிடந்தா கண்ணுக்குத் தெரியாது. வயசு போகப் போகத்தான் இந்தக் கோலம்.”

“அப்ப, சேத்தில ஏன் பிரளுது?” என்றார் விடாமல்.

“உடம்புச் சூடு ஆறும். மயிருக்குள்ள இருக்கிற உண்ணியும் சேத்தோட ஒட்டிக் காயும். மறுகா மரத்தில உரஞ்சி உதுத்துப்போட்டு வரும். சிலதுகள் உதுக்காமலே வீட்டுக்குள்ள ஏறி இருக்குங்கள்.”

பிள்ளைகள் அவருடைய காலைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வெட்கங்கெட்ட மனிதன் என்று கண்ணகை பல்லைக் கடித்தாள்.

வேலிப் படலையைத் திறந்துகொண்டு அப்பா வந்தார்.

“என்ன ஐயா, வீடு புடிச்சுதா?”

நல்லரத்தினம் எழுந்து தாடியைத் தடவினார்.

“நல்லாப் புடிச்சுது. தை மாசமே பள்ளிக்கூடத்த இந்த விறாந்தையில தொடங்கலாம். பாலர் வகுப்புக்கு வாத்திச்சி தேடிக் கல்லடி ஊருக்குப் போற வேலையும் இல்ல, உங்கட மகளே காணும். குரங்குப் பாடம் நடத்திற அண்டைக்கு மட்டும் எனக்குச் சொல்லியனுப்பச் சொல்லுங்க, நான் இந்தப் பக்கம் வரமாட்டன்.”