சத்தம் போடாத எக்ஸாஸ்ட் ஃபேன்

பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் லாரி கிளம்புவதுபோல் இருக்கும். அடுத்த அறையில் கைக்குழந்தை அலறி எழும். அதனால் கணவனும் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே சத்தம் குறைந்ததைத் தேடிப் பிடித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் அதைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு, ஏதோ எடுக்க வண்டிக்குப் போனார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. சுவிட்சைப் போட்டு, மெல்லிய காகிதம் ஒன்றை நுனியில் பிடித்து ஃபேன் முன்னால் நீட்டினாள். வெடுக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

“ஐயோ, இங்க வந்து பாருங்களேன்! ஓடுறதே தெரியல!”

கணவன் காதை வைத்துக் கேட்டான். முணுமுணுப்புகூட இல்லை. இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

“அண்ணே, அசத்திட்டீங்க!” என்றான், திரும்பி வந்த எலக்ட்ரீஷியனிடம்.

“எதுக்குங்க? இன்னும் கனெக்‌ஷனே கொடுக்கலையே.”

ஒயர்கள் ஃபேனுக்குக் கீழே வெறுமனே தொங்கின. அதுவரை கணவனோ மனைவியோ கவனிக்கவில்லை. இறக்கைகள் அசையவே இல்லை.

காகிதம் மெதுவாக விலகி அவள் பக்கம் வந்தது. மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி விலகியது, மூச்சு விடுவதுபோல், சீராக, நிதானமாக.

கணவன் கத்த வாயைத் திறந்தான். மனைவி அவன் வாயைப் பொத்தினாள். ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்கள் மின்னின.

“மெதுவாப் பேசுங்க. அது தூங்குது.”