இரண்டு விரல் குறைவு

லீமாவின் கணவன் மரியஜான், மகளுடைய தலைக்கு மேலே கதவுநிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான். “இவ்வளவு உயரம் இருந்தாத்தான் எல்லா ராட்டினத்துலயும் ஏத்துவாவ மக்கா. நீ இதைத் தொட்டதும் மூணு பேருமா தீம் பார்க்குக்குப் போவோம்.”

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் மகள் பெபிஷா அங்கே போய் நிற்பாள். லீமா அவள் தலைமேல் ஸ்கேலை வைத்துப் பார்ப்பாள்.

“இன்னும் ரெண்டு விரல் கொறையுது.”

“செரிம்மா. கொச்சிக்கு ரயில்லதானே போவோம்?”

“பின்னே! தண்ணியில நனஞ்சா மாத்த ஆளுக்கு ரெண்டு சோடி துணி எடுக்கணும்.”

“அப்பாவுக்கும்லா?”

“அப்பாவுக்கு இல்லாமலா?”

இந்த ஞாயிறும் அப்படித்தான் பேசினார்கள். பிறகு லீமா, மகளின் பள்ளிக்கூடப் பாவாடையை மடிப்புப் பிரித்து இறக்கித் தைக்க உட்கார்ந்தாள். இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. ஊசி பாதியில் நின்றது.

“ஏட்டி, கோட்டுக்கிட்ட வந்து நில்லு.”

பெபிஷா நின்றாள். லீமா குனிந்து அவளுடைய நீளப் பாவாடையை விலக்கிப் பார்த்தாள். முழங்கால்கள் இரண்டும் மடங்கியிருந்தன.

“நேரா நில்லு.”

நிமிர்ந்தாள். கோடு அவள் நெற்றிக்கு வந்தது.

“ஏன் மக்கா இப்படி?”

“தொட்டுட்டா போணும்லாம்மா. ரெண்டு பேராப் போனா, அப்பா இனி வரமாட்டாவன்னு நாமளே சொன்னது போல ஆயிடும்லா?”

மரியஜான் மீன்பிடிக்கப் போன வள்ளம் புயலில் சிக்கித் திரும்பாமல் ஏழு வருடம் ஆகிறது. இன்றுவரை அவன் படத்துக்கு மாலை போட யாரையும் விடாதவள் லீமா.

அவள் மகளின் இரண்டு தோள்களிலும் கைவைத்து, முழங்கால் மடங்கும்வரை மெல்ல அழுத்தினாள். ஸ்கேலை எடுத்துத் தலைமேல் வைத்தாள்.

“இன்னும் ரெண்டு விரல் கொறையுது மக்கா.”